ஃபீனிக்ஸ் பாலைவனத்தில் மா, வாழை, பப்பாளி: தண்ணீர் பாய்ச்சுவது குறித்து அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் ஃபீனிக்ஸ், சாண்ட்லர், கில்பர்ட், மேசா பக்கம் வீட்டுத் தோட்டத்தில் பழமரம் வளர்ப்பவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட சந்தேகங்கள் இவை. கேட்டவர்கள் கேட்டபடியே கேள்விகளைப் போட்டிருக்கிறோம். கணக்கு பிடிக்காதவர்கள் 4-ஆம் கேள்வியைத் தாண்டிப் போகலாம். 2-ஆம் கேள்வியை மட்டும் தாண்ட வேண்டாம்.

1. மாமரத்துக்கு வாரம் எத்தனை தடவை தண்ணி விடணும்? சுருக்கமா ஒரு நம்பர் சொல்லுங்க.

மண்ணைச் சொல்லாமல் கேட்டால் நம்பர் சொல்ல முடியாது. ஒரே அளவு மரம் மணலில் நின்றாலும் களிமண்ணில் நின்றாலும் வாரத்துக்குக் குடிக்கும் தண்ணீர் கிட்டத்தட்ட ஒன்றுதான். அதை எத்தனை தவணையாகக் கொடுப்பது என்பதைத்தான் மண் முடிவு செய்கிறது. மணல் ஒரு சின்ன டம்ளர்: சட்டென்று நிரம்பும், சட்டென்று காலியாகும். களிமண் வாய் குறுகிய குடம்: நிறையக் கொள்ளும், ஆனால் மெதுவாகத்தான் ஊற்ற வேண்டும்.

ஃபீனிக்ஸில் ஆண்டு மழை சுமார் 180 மி.மீ. வெயிலும் காற்றும் இழுக்கும் நீரோ ஆண்டுக்கு 1,900 மி.மீ. அளவில் இருக்கிறது. ஜூன் மாதத்தில் ஒரு நாளைக்கே 9 முதல் 10 மி.மீ. போகும். வெப்பமண்டலப் பழமரத்துக்கு இங்கே தண்ணீர் தருவது வானம் இல்லை, உங்கள் குழாய்தான்.

2. எங்க வீட்டு மண்ணு மணலா களிமண்ணா எப்படித் தெரிஞ்சுக்கிறது? பார்த்தா எல்லாம் ஒரே பழுப்பா இருக்கு.

20 செ.மீ. ஆழத்திலிருந்து ஒரு கைப்பிடி மண் எடுத்து, சப்பாத்தி மாவு பதத்துக்கு நனைத்துப் பிசையுங்கள். கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நாடா போல நசுக்கித் தள்ளுங்கள். நாடாவே வராமல் உதிர்ந்தால் மணல். 2.5 செ.மீ. நீளத்துக்குள் அறுந்தால் இருமண், அதாவது எல்லாம் கலந்த நடுத்தர மண். 5 செ.மீ. வரை வந்தால் களி கலந்த இருமண். அதற்கும் மேல் தொங்கினால் சுத்தக் களிமண்.

பொதுவாக, முன்பு பருத்தியும் குதிரைமசாலும் விளைந்த கில்பர்ட், சாண்ட்லர் வயல்வெளிகளில் எழுந்த வீடுகளில் களி கலந்த மண் கிடைக்கும். மலையடிவாரத்திலும் வறண்ட ஓடைகளின் ஓரத்திலும் மணலும் சரளையும் இருக்கும். புது வீடு என்றால் கொல்லையில் இரண்டு மூன்று இடத்தில் சோதியுங்கள். கட்டுமான வண்டிகள் ஓடி இறுகிய மண் எந்த வகையாக இருந்தாலும் களிமண் போலத்தான் நடந்துகொள்ளும்.

3. சரி, மண்ணு தெரிஞ்சுது. இப்பவாவது நம்பர் சொல்லலாமா?

சொல்லலாம். காய்ந்த மண்ணில் 25 மி.மீ. நீர் விட்டால் மணலில் சுமார் 30 செ.மீ. ஆழமும், இருமண்ணில் 18 செ.மீ. ஆழமும், களிமண்ணில் 10 முதல் 12 செ.மீ. ஆழமும் இறங்கும். மாமரத்துக்கு ஒவ்வொரு தடவையும் 60 செ.மீ. ஆழம் நனைய வேண்டும். கெட்டியாக வேரூன்றிய மரத்துக்கு ஜூன் மாதத்தில் மணலில் 2 முதல் 3 நாளுக்கு ஒருமுறை, இருமண்ணில் 5 முதல் 6 நாளுக்கு ஒருமுறை, களிமண்ணில் வாரம் ஒருமுறை என்று தொடங்குங்கள். பிறகு 5-ஆம் கேள்வியில் உள்ள கம்பியை வைத்துத் திருத்திக்கொள்ளுங்கள்.

நம்மூரில் ‘காய்ச்சலும் பாய்ச்சலும்’ என்று சொல்வார்களே, அது இங்கேயும் பொருந்தும். தவணைக்கு நடுவே மேல்மண் காய வேண்டும். அப்போதுதான் வேருக்குக் காற்று கிடைக்கும்.

4. ஒரு தடவைக்கு எத்தனை லிட்டர்? கணக்கு போட்டுக் காட்டுங்க.

ஒரு சதுர மீட்டரில் 1 மி.மீ. நீர் என்பது 1 லிட்டர். கிளைப்பரப்பு 2 மீட்டர் அகலமுள்ள மாமரம் நிற்கும் வட்டம் 3.14 சதுர மீட்டர். ஜூன் மாதம் நாளொன்றுக்கு 9 மி.மீ. ஆவியாதல் என்று வைத்து, மாமரத்துக்கு அதில் 80 சதவீதம் எடுத்துக்கொண்டால் 7.2 மி.மீ. இரண்டையும் பெருக்கினால் சுமார் 23 லிட்டர். உப்பைக் கீழே தள்ள 15 சதவீதம் கூடுதலாக வேண்டும் (ஏன் என்று 13-ஆம் கேள்வியில்). மொத்தம் ஒரு நாளைக்கு 27 லிட்டர், அதாவது 7 கேலன். வாரத்துக்கு சுமார் 190 லிட்டர், 50 கேலன்.

இந்த 190 லிட்டரை மணலில் வாரம் மூன்று தவணையாக, தவணைக்கு 63 லிட்டர் என்று பிரியுங்கள். இருமண்ணில் 5 நாளுக்கு ஒருமுறை 135 லிட்டர். களிமண்ணில் ஒரே நாளில் முழு 190 லிட்டர். மணிக்கு 1 கேலன் விடும் சொட்டான்கள் (சொட்டுநீர்க் குழாயில் நீர் சொட்டும் வாய்கள்) 8 இருந்தால் மணிக்கு 30 லிட்டர் இறங்கும். அப்படியானால் மணலில் 2 மணி நேரம், இருமண்ணில் நாலரை மணி நேரம், களிமண்ணில் 6 மணி 20 நிமிடம் ஓட வேண்டும். நேரத்தைப் பார்த்துப் பதற வேண்டாம், சொட்டுநீர் என்றாலே அப்படித்தான். மரத்தின் அகலம் இரட்டிப்பானால் பரப்பு நான்கு மடங்காகும், தண்ணீரும் நான்கு மடங்காகும். மரம் வளர்ந்தும் சொட்டான் எண்ணிக்கை கூடாமலே இருப்பதுதான் நான்காம் ஐந்தாம் ஆண்டில் வரும் பல வாட்டங்களுக்குக் காரணம்.

5. ஈரம் எவ்வளவு ஆழம் போச்சுன்னு தோண்டாம பார்க்க முடியுமா? ஈரமானி வாங்கலாமா?

கடையில் 10 டாலருக்குக் கிடைக்கும் ஈரமானியை நம்ப வேண்டாம். அது மண்ணின் மின்கடத்தும் தன்மையைப் பார்க்கிறது. உப்பு மண்ணில் ஈரம் இல்லாவிட்டாலும் ஈரம் என்று காட்டும்.

80 செ.மீ. நீளமுள்ள மெல்லிய இரும்புக் கம்பி போதும். பாய்ச்சிய மறுநாள், சொட்டானுக்கு ஒரு சாண் தள்ளி, கையால் அழுத்துங்கள். சுத்தியால் அடிக்கக் கூடாது. ஈரம் உள்ள வரை வெண்ணெயில் இறங்குவது போல இறங்கும், காய்ந்த மண் வந்ததும் நின்றுவிடும். நின்ற ஆழம்தான் உங்கள் பாய்ச்சலின் ஆழம். மாவுக்கு 60 செ.மீ. எட்டவில்லை என்றால் தவணையை நெருக்காமல், ஒரு தடவை ஓடும் நேரத்தைக் கூட்டுங்கள். சரளை மண்ணில் கல் தட்டும், அங்கே மட்டும் சின்னக் குழி தோண்டிப் பார்ப்பதுதான் வழி.

6. தோட்டக்காரர் டைமர்ல தினமும் 15 நிமிஷம் வெச்சிட்டுப் போயிட்டார். செடி வாடுது, ஆனா தினமும் தண்ணி போகுதே?

மணிக்கு 1 கேலன் விடும் சொட்டான் 15 நிமிடத்தில் ஒரு லிட்டர்கூட விடாது. மேலே 5 செ.மீ. நனையும், மத்தியானத்துக்குள் ஆவியாகும். வேர் அந்த 5 செ.மீ. மண்ணைத் தேடி மேலே வரும். ஜூலையில் அந்த மண்தான் முதலில் கொதிக்கும். போதாததற்குத் தண்ணீரோடு வந்த உப்பும் அங்கேயே தங்கும். தினமும் கொஞ்சம் என்பது இந்த ஊரில் பழமரத்தைக் கொல்லும் மிகச் சாதாரணமான வழி.

அந்த வால்வில் வேறு என்ன செடிகள் இருக்கின்றன என்றும் பாருங்கள். கள்ளியும் பாலோ வெர்டே என்னும் பாலைவன மரமும் மாமரமும் ஒரே வால்வில் இருந்தால் ஏதோ ஒன்று கெட்டுப் போகும். பழமரங்களுக்குத் தனி வால்வு, அதன் தலையில் வடிகட்டி, 25 முதல் 30 பிஎஸ்ஐ அழுத்தத்துக்குக் குறைக்கும் ரெகுலேட்டர் ஆகிய மூன்றும் கட்டாயம் தேவை. இங்குள்ள நீர் கடினநீர். சொட்டான் வாயில் சுண்ணாம்பு படியும். ஆண்டுக்கு இரண்டு முறை ஒரு டப்பாவை வைத்து 15 நிமிடம் பிடித்து அளந்து பாருங்கள்.

7. களிமண்ல ஒரு மணி நேரம் விட்டாலே தண்ணி வழிஞ்சு நடைபாதைக்குப் போயிடுது. ஆறு மணி நேரம் எப்படி விடறது?

களிமண் மணிக்கு சுமார் 5 மி.மீ. தான் உறிஞ்சும். குடத்தின் வாய் குறுகல் என்று சொன்னோம் அல்லவா. ஒரே மூச்சில் விடாமல் இரண்டு மணி நேரம் ஓட்டம், இரண்டு மணி நேரம் ஓய்வு என்று மூன்று சுற்று வையுங்கள். பெரும்பாலான டைமர்களில் ஒரே நாளில் மூன்று தொடக்க நேரம் வைக்கலாம். மாலை 7 மணிக்குத் தொடங்கினால் விடிவதற்குள் முடிந்துவிடும். அரை கேலன் சொட்டான்களை இரட்டிப்பு எண்ணிக்கையில் பரப்பி வைப்பதும் நல்ல வழி. மரத்தைச் சுற்றி 10 செ.மீ. உயரத்தில் வரப்பு கட்டி வட்டப்பாத்தி போட்டால் வழிவது நிற்கும்.

மணலில் இதற்கு நேரெதிர். நீர் பக்கவாட்டில் பரவாமல் நேரே கீழே போய்விடும். அதனால் சொட்டான்களை 30 செ.மீ. இடைவெளியில் நெருக்கமாக வையுங்கள். களிமண்ணில் 60 செ.மீ. இடைவெளி போதும்.

8. புதுசா நட்ட செடிக்கும் வாரம் ஒரு தடவைதானா?

இல்லை. 3-ஆம் கேள்வியின் கணக்கு ஒரு கோடையாவது தாண்டிய மரத்துக்கு. நர்சரிச் செடியின் வேர் முழுக்கத் தொட்டிக் கலவைக்குள் இருக்கிறது. தேங்காய் நார், பீட் கலந்த அந்த உருண்டையில் பெரிய துளைகள். சுற்றியுள்ள களிமண்ணில் நுண்துளைகள். நுண்துளை மண் தன் ஈரத்தைப் பெருந்துளைக் கலவைக்குத் தராது. சுற்றிலும் சேறாக இருக்க, உருண்டை மட்டும் காய்ந்து செடி சாவது இதனால்தான்.

நட்ட அன்று நன்றாக நனைத்து, மூன்றாம் நாள் உயிர்த்தண்ணீர் விட்டுவிட்டு நம்மூரில் கொஞ்சம் ஓய்வெடுப்போம். இங்கே மார்ச் மாதம் நட்டால் முதல் மூன்று வாரம் ஒரு நாள் விட்டு ஒரு நாள், உருண்டையின் மேலேயே 4 முதல் 8 லிட்டர் விடுங்கள். பிறகு மெல்ல மெல்ல இடைவெளியைக் கூட்டி, சொட்டானை வெளியே நகர்த்துங்கள். குழியில் மூட்டை மண்ணை நிரப்பாதீர்கள், தோண்டிய மண்ணையே திருப்பிப் போடுங்கள். களிமண் குழியில் மூட்டை மண் போட்டால் அது குளியல் தொட்டி ஆகிவிடும். அடியில் ஜல்லி போடுவதும் உதவாது, நீர் தேங்கும் மட்டத்தைத்தான் உயர்த்தும்.

9. ரெண்டடி தோண்டினா வெள்ளையா சிமெண்ட் மாதிரி பாறை வருது. அதுக்கு மேலயே நடலாமா?

இங்கே ‘கலீச்சி’ என்று சொல்லும் அது நம்மூர்ச் சுக்கான்தான், சுண்ணாம்பு இறுகிய அடுக்கு. வினிகர் விட்டால் நுரைக்கும். குழியில் நீர் நிரப்பி வடிந்தபின் இரண்டாம் தடவை நிரப்பி அளந்து பாருங்கள். 4 மணி நேரத்தில் 10 செ.மீ.யாவது இறங்கினால் நடலாம்.

இறங்காவிட்டால் கடப்பாரையால் அடுக்கைத் துளைத்து, ஒரு சாண் அகலத்தில் புகைபோக்கி போல ஓட்டை போட்டுக் கீழ்மண்ணைத் தொடுங்கள். முதல் நாளே நீர் விட்டு ஊறவைத்தால் கொஞ்சம் இளகும். அப்படியும் முடியாத அளவு கனமாக இருந்தால் இடத்தை மாற்றுங்கள். அல்லது 45 முதல் 60 செ.மீ. உயரத்துக்கு, 2 மீட்டர் அகலத்தில் மேடு கட்டி அதன் மேல் நடுங்கள். மேட்டு மண் சீக்கிரம் காயும், களிமண்ணாக இருந்தாலும் இருமண் தவணையைப் பின்பற்றுங்கள்.

10. பப்பாளி, வாழைக்கும் இதே கணக்கா?

வேர் ஆழம் வேறு, அதனால் தவணையும் வேறு. இரண்டுக்கும் பெரும்பாலான வேர் 30 முதல் 45 செ.மீ.க்குள். ஜூன் மாதத்தில் வாழைக்கு மணலில் தினமும், இருமண்ணில் 2 முதல் 3 நாளுக்கு ஒருமுறை, களிமண்ணில் 3 முதல் 4 நாளுக்கு ஒருமுறை. 4-ஆம் கேள்வியில் மாவுக்கு 80 சதவீதம் என்று எடுத்த இடத்தில் வாழைக்கு 110 சதவீதம் என்று போடுங்கள்.

பப்பாளியின் சிக்கல் வேறு: தேங்கிய நீரில் இரண்டு நாள் நின்றாலே வேர் அழுகிச் சாய்ந்துவிடும். களிமண்ணில் பப்பாளியை மேட்டில் மட்டுமே நடுங்கள். மணல்காரர்களுக்கு இந்த ஒரு விஷயத்தில் அதிர்ஷ்டம். சப்போட்டாவும் கொய்யாவும் உப்பையும் வறட்சியையும் மாவைவிட நன்றாகவே தாங்கும். அவகாடோவுக்கு உப்பு ஆகவே ஆகாது, முதல் மரமாக அதை நடாதீர்கள்.

11. துபாய்ல இருந்தப்ப தினமும் காலைல சாயங்காலம் தண்ணி விட்டோம், முருங்கையும் மாவும் சூப்பரா வந்துச்சு. இங்க அதையே செஞ்சா இலை மஞ்சளாகுதே?

வெயில் ஒன்று, மண் வேறு. துபாய் மணலில் விட்ட நீர் நிற்காமல் இறங்கிவிடும், அங்கே நெருக்கமான தவணை சரி. குழாய் நீரும் கடல்நீரைச் சுத்திகரித்தது, உப்பு குறைவு. இங்கே வருவது கொலராடோ, சால்ட், வெர்டி ஆறுகளின் நீர். லிட்டருக்கு 500 முதல் 700 மி.கி. வரை கரைந்த உப்பு இருக்கும். உங்கள் மண் களியாக இருந்தால் தினமும் இருவேளைப் பாய்ச்சலில் வேருக்கு மூச்சு முட்டுகிறது. இளம் இலை மஞ்சளாகி நரம்பு மட்டும் பச்சையாக இருந்தால் இரும்புச்சத்து ஏறவில்லை என்று பொருள். காரமான சுண்ணாம்பு மண்ணும் ஓயாத ஈரமும் சேர்ந்து அதைத் தடுக்கின்றன.

முதலில் தவணையைத் தள்ளிப் போடுங்கள். அதன்பிறகும் பச்சை திரும்பாவிட்டால் இடிடிஎச்ஏ வகை இரும்பு உரம் இடுங்கள். 8-க்கு மேற்பட்ட பிஎச் உள்ள மண்ணில் சாதாரண இரும்பு சல்பேட் பயன்படாது.

12. மத்தியானம் பப்பாளி இலை எல்லாம் தொங்கிடுது. உடனே ஹோஸ் எடுத்து ஊத்தலாமா?

கூடாது. 110 டிகிரி ஃபாரன்ஹீட், அதாவது 43 செல்சியஸ் தாண்டினால், மண்ணில் ஈரம் இருந்தாலும் அகன்ற இலைகள் தொங்கும். 2023-இல் ஜூன் 30 முதல் ஜூலை 30 வரை தொடர்ந்து 31 நாள் அந்த வெப்பம் இருந்தது. சூரியன் உதிக்கும்போது பாருங்கள். நிமிர்ந்திருந்தால் பிரச்சினை இல்லை. விடியற்காலையிலும் தொங்கினால் மண்ணைத் தோண்டிப் பாருங்கள். காய்ந்திருந்தால் தாகம். ஈரமாக இருந்தால் வேர் அழுகல், அப்போது இன்னும் தண்ணீர் விடுவது எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவது போல.

இன்னொன்று: வெயிலில் கிடந்த ஹோஸில் முதலில் வருவது தோலைச் சுடும் வெந்நீர். குழந்தைகள் பக்கம் திருப்பாதீர்கள், செடிக்கும் விடாதீர்கள். குளிர்ந்த நீர் வரும்வரை ஓடவிடுங்கள்.

13. மாவிலை நுனி எல்லாம் கருகுது, மண்ணு மேல வெள்ளையா பூத்திருக்கு. வெயிலா உப்பா?

வெயில் பட்ட இலையில் நடுவில், தென்மேற்குப் பக்கமாகத் திட்டுத் திட்டாக வெளுக்கும். பழைய இலைகளின் நுனியிலும் ஓரத்திலும் தொடங்கி உள்ளே வரும் கருகல் உப்பு. வெள்ளைப் பூப்பும் சேர்ந்திருந்தால் சந்தேகமே இல்லை. மரம் குடிப்பது நீரை மட்டும்தான், உப்பைப் பெரும்பாலும் மண்ணிலேயே விட்டுவிடும். அதைக் கீழே கழுவித் தள்ளத்தான் 4-ஆம் கேள்வியில் 15 சதவீதம் சேர்த்தோம்.

ஏற்கனவே சேர்ந்துவிட்ட உப்புக்குப் பெரிய கழுவல் வேண்டும். மேல் ஒரு அடி மண்ணில் 15 செ.மீ. நீர் இறங்கினால் உப்பு பாதியாகும், 30 செ.மீ. இறங்கினால் ஐந்தில் ஒன்றாகும். நமது 2 மீட்டர் மரத்துக்கு 15 செ.மீ. என்பது சுமார் 470 லிட்டர். ஏப்ரலிலும் அக்டோபரிலும், களிமண்ணில் 7-ஆம் கேள்வியில் சொன்ன ஓட்டம்-ஓய்வு முறையில் இரண்டு மூன்று நாளாகப் பிரித்து விடுங்கள். அடியில் கலீச்சி அடைத்திருந்தால் உப்பு எங்கும் போகாது, முதலில் 9-ஐப் பாருங்கள். சொட்டான் நனைக்கும் வட்டத்தின் விளிம்பில்தான் உப்பு வளையம் கட்டும். உச்சிவெயிலில் நிழல் விழும் ஓரம்வரை சொட்டான்களை ஆண்டுதோறும் நகர்த்துவது இதற்காகவும்தான்.

வீட்டில் நீர் மென்மையாக்கும் இயந்திரம் இருந்தால், வெளிக்குழாய் அதற்கு முன்பே பிரிகிறதா என்று உறுதி செய்யுங்கள். அதன் வழியாக வரும் நீரில் சோடியம் ஏறும். அது இலையையும் கருக்கும், களிமண்ணையும் இறுகச் செய்யும். ஆர்ஓ கழிவு நீர், நீச்சல் குள நீர் இரண்டும் வேண்டாம்.

14. ஜூலைல மழை பெய்ஞ்சா டைமரை நிறுத்திடலாமா?

மழைமானியில் 12 மி.மீ.க்குக் குறைவாக இருந்தால் நிறுத்தாதீர்கள். சின்னத் தூறல் தண்ணீர் தருவதை விடக் கெடுதல்தான் செய்யும். விளிம்பில் இருந்த உப்பு வளையத்தைக் கரைத்து வேர் பக்கம் திருப்பி அனுப்பும், ஆழத்துக்குத் தள்ள அதற்குச் சக்தி இல்லை. உப்பு பூத்த மண்ணில் முதல் தூறல் விழுந்தால் அன்றிரவே சொட்டுநீரை ஓட்டுவது நல்லது. 25 மி.மீ. பெய்தால் மணல்காரர்கள் ஒரு தவணையைத் தவிர்க்கலாம். களிமண்ணில் கம்பியை இறக்கிப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

15. எங்க ஏரியாவுல எஸ்ஆர்பி கால்வாய்த் தண்ணி வருது. சொட்டுநீரும் வேணுமா?

எஸ்ஆர்பி என்பது இங்குள்ள நீர், மின்சார நிறுவனம். பழைய குடியிருப்புகளில் கோடையில் ஏறத்தாழ இரண்டு வாரத்துக்கு ஒருமுறையும், குளிர்காலத்தில் மாதம் ஒருமுறையும் வரும் இந்த வெள்ளப் பாய்ச்சல் உப்பைக் கழுவ அருமையானது. (இந்தக் கால்வாய்கள் பல, இங்கே வாழ்ந்த பழங்குடியினரான ஹோஹோகம் மக்கள் பல நூற்றாண்டுகளுக்கு முன் வெட்டிய தடத்திலேயே ஓடுகின்றன. அவர்கள் கல் மண்வெட்டியும் தோண்டுகோலும் கொண்டே வெட்டினார்கள்.) ஆனால் 14 நாள் இடைவெளி எந்த மண்ணிலும் ஜூன் மாதத்து மாவுக்குப் போதாது. களிமண்ணில் நடுவில் ஒரு தவணையும், மணலில் நான்கைந்து தவணையும் சொட்டுநீரில் நிரப்புங்கள். பப்பாளி, வாழைக்கு 10-இல் உள்ள தவணையே. பப்பாளி நிற்கும் மேடு வெள்ள மட்டத்துக்கு மேல் இருக்க வேண்டும்.

16. மூடாக்குக்குக் கல்லு போடலாமா? பார்க்க நல்லா இருக்கே.

பார்க்க மட்டும்தான். கிரானைட் சரளை பகலில் சூடேறி இரவெல்லாம் அந்தச் சூட்டை வேருக்கு அனுப்பும். மரச்சீவல் 10 செ.மீ. கனத்தில் போடுங்கள், அடிமரத்திலிருந்து ஒரு சாண் தள்ளி. மரம் வெட்டுபவர்கள் சும்மாவே கொட்டிவிட்டுப் போவார்கள். சொட்டான்கள் சீவலுக்கு அடியில் இருக்கட்டும். மணலில் மூடாக்கு போட்டபின் தவணையை ஒரு நாள் தள்ளலாம்.

17. குளிர்காலத்துல நிறுத்திடணுமா?

டிசம்பர், ஜனவரியில் தேவை, ஜூன் மாதத் தேவையில் நான்கில் ஒரு பங்குதான். தவணைக்கான லிட்டரைக் குறைக்காதீர்கள், இடைவெளியை நீட்டுங்கள்: மாவுக்கு மணலில் 10 நாள், இருமண்ணில் மூன்று வாரம், களிமண்ணில் நான்கு வாரம். குளிர்ந்த ஈர மண்ணில்தான் பப்பாளி வேர் மிக எளிதாக அழுகும். உறைபனி எச்சரிக்கை வந்தால் மட்டும் தவணையை முன்னுக்கு இழுத்து, முதல் நாளே பாய்ச்சிவிடுங்கள். ஈரமண் பகல் சூட்டைப் பிடித்துவைத்து இரவில் மெல்ல விடும். காய்ந்த மண்ணால் அது முடியாது.